பாசித் தீவனம் வரட்டும். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து அதிலிருந்து புரதம் எடுக்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோருமாகப் படித்தோம். அப்புறம் அந்தப் பக்கத்தைச் சொசைட்டிக்கு எடுத்துப்போய், பால் ஊற்ற வந்தவர்களிடமும் காட்டினேன். நான் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் மாடு வைத்துப் பிழைப்பவள். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் பால் சொசைட்டியில் பரிசோதகராகவும் வேலை பார்த்திருக்கிறேன். இருப்பது பாலக்காடு மாவட்டமானாலும் வீட்டில் பேசுவது தமிழ். மாடு வாங்க, விற்க என்றால் பொள்ளாச்சிச் சந்தை. கறக்கிற பால் கேரளத்துக்குப் போகிறது. பால் காசில் பெரும்பகுதி மறுபடி தீவனக் கடைக்கே போய்விடுவதால், தீவனத்தைப் பற்றி யார் எழுதினாலும் நாங்கள் விடாமல் படிப்போம்.

பாசியைத் தீனியாகப் போடுவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசி களைந்த கழுநீரையும் வடித்த கஞ்சியையும் தொட்டியில் ஊற்றி மாட்டுக்குக் காட்டித்தான் நம் வீடுகளில் பால் கறந்திருக்கிறோம். ஒரு வேலையில் மிஞ்சிய தண்ணீர் இன்னொரு உயிருக்குத் தீனியாவது நல்ல காரியம். கட்டுரை அதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் பால் ஆலைத் தண்ணீர், பீர் ஆலைத் தண்ணீர், சாயத் தண்ணீர், தோல் பதனிட்ட தண்ணீர் எல்லாவற்றையும் அது ஒரே கூடையில் போட்டுவிட்டது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இதன் லாபத்தைப் பார்த்துவிடுவோம். 10 லிட்டர் கறக்கிற கலப்பினப் பசுவுக்கு, உடம்பைத் தாங்க 1.5 கிலோ, கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டருக்கும் 1 கிலோ என்று வைத்தால் நாளைக்கு 5.5 கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கும் தவிடும் கலந்த தீனி) வேண்டும். அதில் 20 சதவீதம் புரதம் என்றால் 1.1 கிலோ. தீவனத்தில் விலை பிடிப்பது இந்தப் புரதம்தான். கடலைப் புண்ணாக்கில் 45 சதவீதத்தை ஒட்டிப் புரதம் இருக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கிற தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதத்தை ஒட்டித்தான். உலர்ந்த குளோரெல்லாப் பாசியில் பாதிக்கு மேல் புரதம், ஸ்பைருலினா என்ற இன்னொரு பாசியில் 60 சதவீதத்தை ஒட்டி. அடர்தீவனத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 550 கிராமைப் பாசித்தூளாக மாற்றினால், அந்தத் தீவனத்தின் மொத்தப் புரதத்தில் கால்பங்கு அதிலேயே வந்துவிடும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இடமும் அதிகம் கேட்காது. நீள்வட்டச் சிமென்ட் தொட்டி, ஓரடிக்கும் குறைவான ஆழம், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு துடுப்புச் சக்கரம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உலர்பாசி என்று குறைத்து வைத்தாலும், ஒரு சென்ட் இடத்தில் 400 கிராம் கிடைக்கும். ஒரு கிலோ பாசி வளரும்போது காற்றிலிருந்து ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. ஆலைத் தண்ணீரில் இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். அந்தச் சத்துகள் ஆற்றில் போய்ச் சேர்ந்தால் ஆகாயத்தாமரையாக வளரும், தொட்டியில் நின்றால் புரதமாகும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே சாக்கடைக் குட்டைகளில் இதைச் செய்து காட்டினார். பாசி வெளிவிடுகிற ஆக்சிஜனில் பாக்டீரியா கழிவைத் தின்கிறது, பாக்டீரியா வெளிவிடுகிற கரியமில வாயுவில் பாசி வளர்கிறது.

கட்டுரை போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போன இடம் அறுவடை. ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் கிராம், மிஞ்சினால் ஒரு கிராம் பாசிதான் இருக்கும். ஒரு பசுவின் ஒருநாள் பங்கான அந்த 550 கிராமுக்கு 550 முதல் 1,100 லிட்டர் வரை தண்ணீரைப் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்பைருலினா நூல் நூலாக இருப்பதால் துணியில் வடிகட்டிவிடலாம். குளோரெல்லாவின் அளவு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வராது, துணியில் நிற்காது. மின்சாரத்தில் சுழற்றிப் பிரிக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். செலவைக் குறைக்கப் படிகாரம் போட்டுத் திரளவிட்டு அடியில் தங்கியதை அள்ளுவார்கள். சுத்திகரிப்புக்கு அது சரி. தீவனத்துக்கு என்றால் அந்தப் படிகாரமும் பாசியோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குப் போகும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானை வைத்தும் திரளச் செய்யலாம் என்கிறார்கள். எதைப் போட்டுத் திரட்டினார்கள் என்பதையும் மூட்டையில் எழுதச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அசோலா என்ற, தண்ணீரில் மிதந்து வளரும் தீவனச் செடியை வளர்த்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். கட்டுத்தறிக்குப் பின்னால் குழி வெட்டி, நீலத் தார்ப்பாய் விரித்து, சலித்த மண்ணும் சாணிக் கரைசலும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு வளர்த்தோம். முதல்நாள் அள்ளிப் போட்டபோது எங்கள் செவலைப் பசு மூக்கை வைத்துப் புஸ்ஸென்று ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாணி வாடை. அசோலாவை முறத்தில் போட்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி, தவிட்டில் பிசைந்து வைத்த பிறகு தின்றது. பாசித்தூளுக்கும் இந்தப் பழக்கல் வேண்டியிருக்கும். அடுத்தது தண்ணீர். இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலும், ஒரு சென்ட் தொட்டியில் 200 லிட்டர் போய்விடும். பங்குனி, சித்திரையில் எங்கள் அக்கம்பக்கத்தில் அசோலாக் குழிகள் காய்ந்தது இதனால்தான். ஆகவே, விவசாயி தன் கிணற்றுத் தண்ணீரில் பாசி வளர்ப்பது இங்கே நடக்காது. ஆலை வெளியேற்றுகிற தண்ணீரில், ஆலை வளாகத்திலேயே வளர்ப்பதுதான் நடக்கும். அப்படியானால் வளர்க்கிறவர் ஒருவர், மாட்டுக்குப் போடுகிறவர் இன்னொருவர் என்று ஆகிறது. நம் கண்ணில் படாமல் வளர்ந்த பொருள் மூட்டையாகத்தான் நம் கைக்கு வரும்.

கட்டுரையில் ஒரு வரி வருகிறது: கழிவுநீரில் உள்ள நச்சு உலோகங்களையும் பாசி உறிஞ்சிவிடும் என்று. அதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. உண்மைதான். காட்மியம், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாவற்றையும் பாசியின் செல்சுவர் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் இருந்ததைவிடப் பல மடங்கு செறிவாகப் பாசியில் சேரும். அதனால்தான் சுத்திகரிப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் சுத்தமானால் உலோகம் எங்கே போயிற்று? பாசிக்குள். அந்தப் பாசியையே உலர்த்திப் புரதம் என்று விற்றால், ஆலை ஆற்றில் விட்டிருக்கக்கூடிய நஞ்சை நம் தீவனத் தொட்டியில் விட்டதாகிறது. கழிவைச் சுத்தம் செய்கிற பாசித் தொட்டியும் தீவனத்துக்கான பாசித் தொட்டியும் ஒன்றாக இருக்கவே கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

இங்கிருந்து பிளாச்சிமடை எட்டும் தூரம். பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-ல் தொடங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஆலையின் கசடு உரம் என்ற பெயரில் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டதும், தென்னைக்கும் நெல்லுக்கும் அது போடப்பட்டதும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. 2003-ல் பி.பி.சி. வானொலிக்காரர்கள் வந்து எடுத்துப்போய்ச் சோதிக்க வைத்த பிறகுதான் அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது வெளியே வந்தது. பிறகு கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதில் காட்மியம் இருப்பதைக் கண்டது. அந்த ஊர் ஆதிவாசிப் பெண் மயிலம்மாவும் அவரோடு போராட்டத்தில் உட்கார்ந்த பெண்களும் விடாமல் போராடி, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் கேரள அரசின் உயர்நிலைக் குழு, அந்த ஊருக்கு ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அந்த உரத்தை வாங்கிப் போட்ட விவசாயிகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. சோதனைச் சீட்டு ஒன்றை முதலிலேயே யாராவது அவர்கள் கையில் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள். கழிவைப் பயனுள்ள பொருளாக்கித் தருகிறோம் என்று யார் வந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் முதலில் சீட்டைக் கேட்பது அந்த அனுபவத்தில்தான்.

இப்படி உலோகம் சேர்ந்து பால் கெட்டிருந்தால் சொசைட்டியிலேயே தெரிந்துவிடாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தெரியாது. நான் பார்த்த வேலை அது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன். ஜெர்பர் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு அடைத்துக் குலுக்கி, சூடு கையில் ஏறும்போதே சுழற்றும் கருவியில் வைத்தால், மேலே மஞ்சளாக நிற்கிற கொழுப்பை அளவுகோட்டில் படித்துவிடலாம். லாக்டோமீட்டரில் அடர்த்தி தெரியும், புளிப்பைத் தனிச் சோதனையில் பார்க்கலாம். மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடியில் ஓணம் சமயத்தில் லாரி லாரியாகச் சோதிப்பதும் பெரும்பாலும் தரமும் கலப்படமும்தான். காட்மியத்தை இந்தக் குழாய்கள் எதுவும் காட்டாது. போதாததற்குக் காட்மியம் பாலில் இறங்குவதும் குறைவு. மாட்டின் சிறுநீரகத்திலும் ஈரலிலும்தான் தங்கும். மீதி சாணியோடு போய் நிலத்தில் சேரும். பாலைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்கிறவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் பசு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். ஆகையால் சோதனை தீவனத்தில், மூட்டை கட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

பாலில் இறங்குகிற நஞ்சும் இருக்கிறது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் உண்டாகிற அஃப்ளாடாக்சின் பசுவின் உடம்பில் மாறி, எம்1 என்ற வடிவில் பாலில் வரும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகமாக இருந்த மாநிலங்கள் தமிழ்நாடு, டெல்லி, கேரளம். எல்லையின் இரண்டு பக்கமும் நாம்தான். பாசியைச் சரியாக உலர்த்தாமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் அதிலும் பூஞ்சை வரும். இன்னொன்று, திறந்த தொட்டியில் நாம் விட்ட பாசி மட்டும் வளர்ந்துகொண்டிருக்காது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நச்சுப் பாசிகளும் வந்து சேரலாம், அவை ஈரலைக் கெடுக்கும். 1878-லேயே ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி படர்ந்த தண்ணீரைக் குடித்துக் கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். பச்சையாக இருக்கிறதெல்லாம் ஸ்பைருலினா என்று நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் வேண்டாம் என்று விட்டுவிடுவதா? ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் செய்திருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கிடைக்கிற எந்தப் பொருளையும், அந்தக் கழிவுநீர் எங்கிருந்து வந்தாலும், மேற்கொண்டு எப்படிப் பதப்படுத்தினாலும், தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று அவர்களுடைய 2009-ஆம் ஆண்டுத் தீவன விதி சொல்கிறது. ஆனால் அதே விதி ஒரு வழியையும் விட்டு வைத்திருக்கிறது. உணவு ஆலைக்குள் தனிக் குழாயில் ஓடுகிற உற்பத்தித் தண்ணீரை அது கழிவுநீரில் சேர்ப்பதில்லை. எனக்கு இதில் நல்ல புத்தி தெரிகிறது. நாமும் அந்தத் தனிக் குழாயிலிருந்து தொடங்கலாம்.

பால் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியையும் குழாய்களையும் முதலில் வெறும் தண்ணீர் விட்டு அலசுவார்கள். அதில் வருவது பால் கலந்த தண்ணீர். அடுத்துக் காஸ்டிக் சோடா, பிறகு நைட்ரிக் அமிலம், கடைசியில் கிருமிநாசினி. முதல் அலசலைத் தனியாகப் பிடித்தால் அது பாசிக்கு அருமையான சத்து நீர். நைட்ரிக் அமிலத்தைச் சமன்செய்தால் மிஞ்சுகிற நைட்ரேட்டுகூடப் பாசிக்கு உரம்தான். கிருமிநாசினித் தண்ணீரும், தரை கழுவியதும், கழிப்பறைத் தண்ணீரும் அதில் ஒரு சொட்டும் சேரக் கூடாது. இன்றைக்குப் பெரும்பாலான ஆலைகளில் எல்லாம் ஒரே சாக்கடையில் விழுகிறது. குழாயைப் பிரிப்பதுதான் முதல் செலவு. அதை ஆலைதான் ஏற்க வேண்டும். மாவு ஆலை, பீர் ஆலை, பழச்சாறு ஆலை எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும். சாராய ஆலைக் கழிவு அடர்ந்த காப்பி நிறம், வெயில் உள்ளே இறங்காது, நிறைய நீர்க்கச் செய்தால்தான் பாசி வளரும். அதற்கு எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது. தென்னைநார்த் தொழிற்சாலைகளின் பழுப்புத் தண்ணீரில் வளர்க்கலாமா என்று கோபாலபுரத்துப் பக்கத்து உறவினர் ஒருவர் கேட்டார். அதிலும் நிறம்தான் தடை, நைட்ரஜனும் போதாது. உலோகப் பூச்சு, சாயம், தோல், பாட்டரி, இரும்பு உருக்கு ஆகியவற்றின் தண்ணீரில் பாசி வளர்த்துச் சுத்தம் செய்யட்டும். ஆனால் அந்தப் பாசியைத் தீவனமாக்கக் கூடாது, உரமாகவும் கொடுக்கக் கூடாது. அதை ஆபத்தான கழிவாகக் கணக்கில் வைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் ஜெர்மனியின் கூட்டோடு செனடெஸ்மஸ் பாசியை ஆராய்ந்தது. சென்னைத் தரமணி முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி, கிராமத்துப் பெண்களே ஸ்பைருலினா வளர்க்கும்படி முறையை எளிமையாக்கினார். அவர்கள் பாசி வளர்ப்பின் செலவைக் குறைக்கப் பாடுபட்டார்கள். தண்ணீரின் சுத்தத்தில் கை வைத்துச் செலவைக் குறைக்கவில்லை.

மனிதர் சாப்பாட்டுக்கு இந்தப் பாசியை இப்போதே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. பாசியில் நியூக்ளிக் அமிலம் கூடுதல், நிறையச் சாப்பிட்டால் மனிதருக்கு யூரிக் அமிலம் ஏறும். குளோரெல்லாவின் கெட்டிச் செல்சுவரை நம் குடல் உடைக்காது. அசைபோடுகிற பிராணியின் வயிறு இரண்டையும் நம்மைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆகவே மாட்டுத் தீவனத்தில் தொடங்குவது சரி. ஆனால் மாட்டுக்குத்தானே என்ற எண்ணத்தில் தரத்தைத் தளர்த்தினால் நான் எதிர்ப்பேன். அந்தப் பால்தான் அங்கன்வாடிக்கும் போகிறது.

தமிழ்நாடு, கேரளம் இரண்டு அரசுகளுக்கும் உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்பது இதுதான். பாசித் தீவனத்துக்கு உரிமம் கொடுக்கும்போது, எந்த ஆலையின் எந்தக் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தது என்பதை மூட்டையின் மேல் அச்சடிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், ஆர்செனிக், அஃப்ளாடாக்சின், பாசி நஞ்சு ஆகியவற்றின் சோதனை முடிவு வேண்டும். சோதிக்கிற ஆய்வகத்தை ஆலை தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த முடிவைச் சொசைட்டிச் சுவரில், பால் விலை எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில், எங்கள் பகுதியில் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்ட வேண்டும். சிற்றூர் தாலுகாவில் பால் ஊற்றுகிற பெண்களில் பலர் தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் ஒட்டிய சீட்டினால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. தீவனம் எல்லை தாண்டி வருவதால் ஒரு மாநிலம் மட்டும் விதி போட்டும் பிரயோஜனமில்லை. வேலந்தாவளம் எல்லையில் தடுத்தால் கோபாலபுரம் எல்லை வழியாக வரும்.

கால்நடைப் பல்கலைக்கழகம் எதுவாவது இந்த முறையில் வளர்த்த பாசியைப் பசுக்களுக்குக் கொடுத்துப் பார்க்க முன்வந்தால், எங்கள் சொசைட்டியில் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் என் மாடுகளில் இரண்டைத் தருகிறேன். கறவை, கொழுப்பு, சினைபிடிப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கவும் தயார். மூட்டையோடு சோதனைச் சீட்டும் வர வேண்டும், நான் படித்துப் பார்த்த பிறகே தொட்டியில் போடுவேன். இதற்குச் சம்மதிக்கிற ஆராய்ச்சியாளர்கள் உங்கள் அலுவலகம் மூலமாகத் தொடர்பு கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
கொழிஞ்சாம்பாறை வழி, சிற்றூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்